உங்கள் அண்ணன் அவிழ்த்த தாடைக்கட்டு

என் மனசைவிட்டு ஒரு நாளும் இறங்காத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் அண்ணன் இன்னும் இங்கேதான் இருக்கிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பேரன் பிரபு பெங்களூரில் வேலை முடிந்து வந்தவன், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் இறங்கிக் குப்புற விழுந்தான். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்னப் பெண்தான், மோவாய்க் காயத்துக்கு மருந்து போட்டதோடு விட்டுவிடவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்போலச் சேருகிறதா என்று கேட்டாள். சேரவில்லை. கீழ் உதடு மரத்திருந்தது. காதுக்குள் விரல் வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள், துடித்துப்போனான். எக்ஸ்ரேயில் மோவாயில் ஒரு முறிவு, காதோரம் இன்னொன்று. எலும்பு விலகவில்லை, அசையாமல் இருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று மோவாயிலிருந்து உச்சந்தலைக்குக் கட்டுப் போட்டாள். கஞ்சி மட்டும்தான், மெல்லவே கூடாது என்றாள்.

அந்தக் கட்டைப் பார்த்ததும் உங்கள் அண்ணனுக்கு வந்ததே ஆவேசம். "இன்னா இது? உசுரோட கீற பையனுக்குப் பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிக்கினு வந்துகீறீங்க. வீட்டுக்கு ஆவுமா?"

நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவிழ்த்து எறிந்துவிட்டார். தங்க மைன்ஸில் எத்தனை எலும்பு முறிவைப் பார்த்தவன் என்று பீற்றல் வேறு. என்னத்தைப் பார்த்தார்? நீங்கள் கேஜ் கூண்டில் இறங்கிச் சுரங்க வெக்கையில் வெந்தபோது, ஷாப்ட் வாய்க்கு மேலே காற்று வாங்கிக்கொண்டு கூண்டை இறக்க மணி அடித்தவர்தானே?

பெரியவர் சொல்கிறாரே என்று அவர் வாங்கிவந்த பரோட்டாவைப் பிரபு மென்றான். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யார் அவிழ்த்தது என்றாள். வாயே மூடாத மனிதர் கூரையைப் பார்த்தார். "இந்தப் பெரிய மனுஷன்தாம்மா. பொணத்துக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவரு" என்றேன்.

எலும்பு விலகிப்போனதால் ஆபரேஷன் செய்து தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாந்தி வந்தால் கம்பியை உடனே வெட்டக் கட்டர் தலைமாட்டில் இருக்கிறது. குழலில் ராகிக் கஞ்சி. பிள்ளை பாதியாகிவிட்டான். உதட்டுக்கு உணர்ச்சி திரும்புமா என்றால் பார்க்கலாம் என்கிறாள் டாக்டரம்மா.

அவனோ பல்லிடுக்கில், "பெரிய தாத்தா பாவம், ஆயா" என்கிறான். உங்கள் புத்தி. நீங்களும் கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதில் என்ன கண்டீர்கள்?

நேற்று வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். மெல்ல முடியாதவனுக்குப் பழம். கதவைச் சாத்தினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கை இனி இந்த வீட்டில் யார் முகத்திலும் படாது. நான் செத்தாலும் என் தாடையை அவர் கட்டக் கூடாது என்று பிரபுவிடம் சொல்லிவிட்டேன். வேறு ஆள் இல்லையென்றால் திறந்த வாயோடே வருகிறேன். உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

பிரபுவின் ஆயா,
உங்கள் பெண்டாட்டி காந்தம்மா