வண்டிப்பாதை என்று நான் சொன்ன வாரி

அன்பு மாப்பிள்ளைக்கு, பாதிப் பிரியத்தோடும் பாதிக் கோபத்தோடும் மச்சான் எழுதுவது.

நீ போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, மறுபடியும் பள்ளிக்கூட வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் ரெயின்கோட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உன் மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் வம்பளக்க ஆள் இல்லை.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நீ மத்திய அரசின் நீர்வள வேலையில் சேர்ந்து, வடக்கே மலையைக் குடைந்து மின்சாரம் எடுக்கிற அணைகளில் பாதி வயசைக் கழித்தாய். கடைசியில், ஆற்றுத் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோகிற கால்வாய்க்கு அளவெடுக்க, நம் ஊர்ப்பக்கமே உன்னை அனுப்பினார்கள். ஊரில் எல்லோருக்கும் நீ 'டெல்லி ஆபீஸ் மாப்பிள்ளை'. அதைச் சொல்லி நான் கொஞ்சம் கூடுதலாகவே பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரை வெயில் ஞாபகமிருக்கிறதா? நம் கண்மாய்க்கு மேற்கே கருவிகளோடு நின்றுகொண்டு, "மச்சான், இது என்னய்யா?" என்று கேட்டாய்.

"இதுவா? வண்டிப்பாதை. எழுதிக்க" என்றேன்.

அது நம் வரத்து வாரி, மாப்பிள்ளை. மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர இருக்கிற ஒரே வழி. வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்ததால் என் டிராக்டர் அதிலேதான் போய்வந்தது. எனக்கும் அது பாதையாகவே தோன்றிப்போனது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாய்.

ஆடியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். புரட்டாசியில் பஞ்சாயத்து ஆபீஸில் கால்வாய் வரைபடத்தை ஒட்டினார்கள். கால்வாயின் கரை நம் வாரிக்குக் குறுக்கே போகிறது. வண்டி போக மேலே பாலம் வரைந்திருக்கிறார்கள். தண்ணீர் போக அடியில் வழியே இல்லை. கால்வாய் அப்படியே வந்தால் அதன் தண்ணீர் நம்மைத் தாண்டிப் போகும், மழைத் தண்ணீர் கரைக்கு அந்தப் பக்கமே நிற்கும், கண்மாய் காய்ந்து கிடக்கும்.

பாசன சங்கக் கூட்டத்தில் தலைவர் கருப்பையா சுளுவாக ஒரு வழி சொன்னார். "அளந்தவரு தப்பா எழுதிப்புட்டாருன்னு மனுக் குடுத்துருவோம்யா. செத்தவரு வந்து இல்லைன்னா சொல்லப்போறாரு?"

பலரும் தலையாட்டினார்கள். தங்கச்சி வாசலோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று நான் பயந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, அவுக விசாரிக்காம எதையும் எழுத மாட்டாக. யாரை விசாரிச்சாக?"

மறுநாள் கருப்பையாவிடம் போய், நான்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். "ஏன்யா, முந்திரிக்கொட்டையாட்டம் முந்திக்கிட்டு ஊருக் குடியைக் கெடுத்தே!" என்று கத்தினார். நீ என்னைக் கேலியாகக் கூப்பிடுகிற அதே பெயர். ஆனால் அவர் கேலியாகச் சொல்லவில்லை. டீக்கடையில் இன்றுவரை சிலர் என் முகம் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

இலுப்பூரில் உங்கள் முகாம் ஆபீஸுக்குப் போய் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்: தவறான தகவலைச் சொன்னது நான், அளந்தவர் மேல் குற்றமில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கிற மேடம் இரண்டு தடவை படித்தார்கள். "யாரும் இப்படி எழுதித் தர மாட்டாங்களே! இருங்க, சார் அன்னைக்கு என்ன குறிச்சிருக்காருன்னு பாப்போம்" என்று உன் அளவுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள்.

வரிசையாக எல்லாம் இங்கிலீஷ். அந்த இடத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாய். 'மச்சான் சொல்வது வண்டிப்பாதை. மழையில் வந்து பார்க்க வேண்டும்.' அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தாய். மழைக்கு முன்னே நீ போய்விட்டாய்; வரைபடம் போட்டவர்கள் ஓரத்தைப் பார்க்காமல் என் வண்டிப்பாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அட பாவி! என்னை நம்பவில்லையா நீ? வெயிலில் என்னை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம் என்று பேசாமல் குறித்துக்கொண்டாயா? அந்த ஆபீஸிலேயே சிரித்தேன், அழுதேன். மேடம் தண்ணீர் கொடுத்தார்கள்.

"இந்தக் குறிப்பு இருக்கறதால மறுபடியும் ஆய்வு போட முடியும்" என்றார்கள். "ஆனா கண்ணால பாத்தாத்தான் எழுத முடியும். தண்ணி ஓடுற அன்னைக்குப் போன் பண்ணுங்க, நானே வர்றேன்."

அன்றிலிருந்து என் டிராக்டர் சுற்றிக்கொண்டுதான் போகிறது. வாரியில் மண்டிக் கிடந்த கருவேலத்தை வெட்டிக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டு நாள் நானும் தங்கச்சியும் மட்டும். மூன்றாம் நாள் கருப்பையா அரிவாளோடு வந்தார். எங்கள் பக்கத்திலேயே நின்று வெட்டினார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மேற்கே மழைமேகம் கருக்கல் கட்டியிருக்கிறது. இந்த வருஷம் ஓடாவிட்டால் அடுத்த வருஷம் நிற்பேன், அதற்கடுத்த வருஷமும் நிற்பேன். தண்ணீர் வருகிற அன்று மேடத்தைக் கூட்டிக்கொண்டு வாரிக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நானே முன்னால் நடப்பேன். இது என்னய்யா என்று அவர்கள் கேட்கட்டும். இந்தத் தடவை சரியாகச் சொல்வேன். நீ காலியாக விட்ட அந்த வரியை நிரப்பாமல் விடமாட்டேன், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
நீ நம்பாமல் விட்டதால் பிழைத்த,
உன் முந்திரிக்கொட்டை மச்சான்
சின்னச்சாமி