ஊசி போடாத டாக்டர்

பெரம்பலூர் விடுதி

அன்புள்ள அம்மாவுக்கு, சிந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

எங்கள் அறிவியல் ஆய்வு முடிந்துவிட்டது. விடுதிக்குப் பக்கத்துத் தெரு சுமதி டாக்டர், நோயாளிகளின் பெயர்களை மறைத்து மருந்துச் சீட்டுகளைக் கொடுத்தார். சளி, காய்ச்சலுக்கு அவர் ஆன்டிபயாடிக் எழுதுவது நாட்டுச் சராசரியில் பாதிகூட இல்லை! பெரும்பாலான சளி, காய்ச்சலுக்கு அந்த மருந்து தேவையே இல்லையாம். இதை வரைந்து காட்டும் எங்கள் சார்ட் அரியலூர் அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது.

நடுவில் எனக்கே காய்ச்சல் வந்தது. பயப்படாதீர்கள், போய்விட்டது. கஞ்சியும் ஓய்வும் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டன் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு ஊசிகூட போடல, இவங்கள்லாம் என்னா டாக்டரு? வாடி, வேற எடத்துக்குப் போவோம்."

"வேணாங்கக்கா. நானே ஊசிக்கு ஓடுனா என் சார்ட்ட யாரு நம்புவா?"

"காய்ச்சல்லயும் வாய் கொறையல பாரு" என்று திட்டிக்கொண்டே கஞ்சி வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போய்விட்டேன்.

தம்பிக்குச் சளி பிடித்தால் ஊசி கேட்டு டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். நாரத்தங்காய் ஊறுகாய் வேண்டும். போர்வை இருக்கிறது, ஆனாலும் உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முந்திரிக்கொல்லை வேலையை விட்டுவிட்டு அரியலூருக்கு நீங்களே கொண்டுவாருங்கள். சார்ட் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் விளக்கிச் சொல்லப்போவது நான்தான்.

படிப்பு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
சிந்தாமணி