ஆனேக்கல்லில் நமக்கு வைத்த படையல்

அக்கா,

அன்றைக்கு ஆனேக்கல் வீட்டில் இருந்தவர்கள் நம் தாய்மாமன் சின்னராசு, அவர் பெண்சாதி நாகம்மா, மருமகள் சரோஜா, அப்புறம் நீயும் நானும். ஒருத்தர் முகமும் எனக்கு மறக்கவில்லை. இன்று காலை பேத்திக்கு வாங்கிய பாவாடையை என் மருமகள் உதறிப் பிரித்தாள். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் அந்த வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டேன்.

அம்மா எவனோடோ ஓடிப்போனாள் என்று சொல்லித்தான் அப்பாவின் அக்கா, நம் அத்தை, நம்மை வளர்த்தாள். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனவள் திரும்பவில்லை. உனக்கு ஏழு வயது, எனக்கு நாலு. வருஷம் திரும்புவதற்குள் அத்தை தன் நாத்தனாரை அப்பாவுக்குக் கட்டிவைத்தாள். நம் ஜோகுபாளையம் வீட்டுக்கு உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், ஓடிப்போனவள் மகளா என்று கேட்டு எழுந்து போனார்கள். என்னை ஒருவனுக்கு ரெண்டாந்தாரமாகத் தள்ளிவிட்டார்கள். உனக்கு அதுவும் இல்லை.

அத்தையும் அப்பாவும் போய்ச் சேர்ந்து, உன் ஆஸ்பத்திரி ஆயா வேலையும் முடிந்த பிறகுதான் நீ தேடக் கிளம்பினாய். "அவளா விட்டுட்டுப் போனாளா, போக வச்சாங்களா? அது தெரியாம நான் சாவ மாட்டேன் பாப்பா" என்றாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் பெயர் அலமேலு, ஊர் ஆனேக்கல், வீட்டில் பட்டுத் தறி. அவ்வளவுதான். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், தறிச் சத்தம் கேட்ட வாசலிலெல்லாம் நின்று விசாரித்தாய். தெலுங்கில் திட்டினார்கள், கன்னடத்தில் விரட்டினார்கள். கடைசியில் ஒரு கிழவர், சின்னராசுவின் அக்காவா என்று கேட்டு வீட்டைக் கை காட்டினார்.

அங்கே போக உனக்குத் துணை வேண்டியிருந்தது. ஆடி வெள்ளியன்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். உள்ளே சாம்பிராணிப் புகை. தலைவாழை இலையில் பொங்கல், பக்கத்தில் மூங்கில் கூடை, அதில் மஞ்சள் தடவிய இரண்டு சின்னப் பாவாடைகள்.

"யாரு பேக்கும்மா?" என்று கன்னடம் கலந்து, யார் வேண்டும் என்று கேட்டாள் நாகம்மா.

அலமேலு பெற்ற பெண்கள் என்று சொன்னாய். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தப் புள்ளைங்க செத்து எத்தினி வருஷம் ஆவுது. இந்தப் படையலே அதுங்களுக்குத்தான்."

மாமா சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். உன் புருவத் தழும்பைத் தடவிப் பார்த்தார். சின்ன வயதில் அந்த வீட்டுத் தறிக்குழியில் விழுந்த காயமாம். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகாமல் செத்த பெண் பிள்ளைகளைக் கன்னி என்று கும்பிடுகிற வீடு அது.

"எங்க வூட்டுக் கல்யாணமெல்லாம் உங்ககிட்ட உத்தரவு கேட்டுத்தான் நடந்துச்சு" என்றார். அதைக் கேட்டு நீ சிரித்தாய்.

அம்மாவின் அந்த மூன்றாவது பிரசவத்தில் குழந்தை செத்தே பிறந்தது என்று மாமா சொன்னார். அம்மா எழுந்து நடக்கும் முன்பே அத்தை வந்து, காலராவில் நாம் இரண்டு பேரும் போய்விட்டோம் என்று தெருவே கேட்க மாரடித்து அழுதாளாம். இங்கே வந்து நம்மிடம், ஓடிப்போய்விட்டாள் என்றாள். கண் மூடுகிற வரை அம்மா தன் கையால்தான் அந்தப் பாவாடைகளைத் தைத்தாள். வருஷங்கள் போயும் அளவை மாற்றவில்லை.

அத்தை தனியாகவா வந்தாள் என்று நீ கேட்டாய். மாமா வாசலைக் கை காட்டினார்.

"உங்கப்பனும் வந்திருந்தான். வாசல்ல நின்னான். எங்க பொதச்சீங்க, அந்த எடத்தயாவது காட்டுன்னு எங்கக்கா அவன் கால்ல விழுந்தா. வாயே தொறக்கல."

திரும்பும் பஸ்ஸில் நீ அழவில்லை. அம்மா நம்மை விட்டுப் போகவில்லை, உனக்கு அது போதும். "அப்பா தன் அக்காவுக்குப் பயந்தவரு, விட்டுடு" என்றாய். மறுநாள் வழக்கம்போல அவர் படத்துக்குப் பூ வைத்தாய். அடுத்த தை மாதம் நீயும் போய்விட்டாய்.

நீ விட்டதை நான் விடவில்லை அக்கா. அத்தை கெட்டவள், கெட்டவள் செய்வதைச் செய்தாள். ஆனால் உயிரோடிருக்கிற பிள்ளைகளைப் புதைத்த இடம் கேட்டுக் காலில் விழுந்தவளைக் குனிந்து பார்த்துவிட்டு, அன்று பொழுது சாய வீடு வந்து நம் தலையைத் தடவியிருப்பாரே, அந்தக் கையை நினைத்தால் இன்னும் என் தலை எரிகிறது. சாகும்வரை இதைச் சுமப்பேன். நான் மன்னிக்காத ஆள் நம் அப்பா, மாரிமுத்து.