கடைசிச் செற்

மே 7, 2012, திங்கள்

விடியவே மழை. ஹீற்றர் போட்டும் குளிர் போகேல்லை. வயோதிபர் விடுதியில காலை ஷிஃப்ற். ஒரு ஆள் வரேல்லை, அவவின்ர அறையளும் என்ர தலையில. இடுப்பு முறிஞ்சு போச்சு.

செய்ய: மகள் தாரணியின்ர ஓட்டச் சப்பாத்துக் காய வைக்க. மீன் வெளியில எடுத்து வைக்க. பின்னேரம் அவளின்ர பள்ளிக்கூடம், ரீச்சர்மாரைச் சந்திக்கிற நாள். இவருக்கு வேலை. நான் தனியத்தான்.

பள்ளிக்குப் போட்டு வந்து எழுதுறன். கணக்கு ரீச்சர் நல்ல மனுசி. தாரணி கெட்டிக்காரி, வகுப்பில ஒரு கஷ்டமும் இல்லை எண்டவ. எந்த வகுப்பு எண்டு கேட்டன். கடைசிச் செற்றாம். கெட்டித்தனத்தைப் பாத்துப் பிரிக்கிற வகுப்பைத்தான் செற் எண்டினம், கடைசி எண்டா மெதுவாய்ப் படிக்கிற பிள்ளையளுக்கு. போன வருசம் முந்திப் படிச்ச ரோவில் பள்ளிக்கூடத்தில கணக்கில முதலாவதா வந்த பிள்ளை! முதல் செற்றுக்குச் செவ்வாயும் வியாழனும் மணி அடிக்க முதல் ஒரு வகுப்பு இருக்காம். ஓட்டப் பயிற்சியும் அதே நேரம். அதால ஸ்கொலர்ஷிப் குடுத்து ஓடுறதுக்கெண்டு எடுத்த பிள்ளையளைத் தொடக்கத்திலயே கடைசிச் செற்றில போட்டிட்டினம். எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. அதில இருந்தா அடுத்த வருசம் பெரிய கணக்கு எடுக்க ஏலாது. அது இல்லாட்டி எஞ்சினியரிங் இல்லை. எஞ்சினியரிங் அவளின்ர விருப்பம், நான் திணிச்சதில்லை.

காரில கேட்டன், ஏன் பிள்ளை சொல்லேல்லை எண்டு. யன்னலைப் பாத்துக்கொண்டு, "ஓடத்தானே அம்மா என்னை எடுத்தவை" எண்டாள்.

மீனை மறந்திட்டன். இரவு முட்டைப் பொரியல்.

மே 8, செவ்வாய்

மழை இல்லை. நித்திரையும் இல்லை. போன வருசத்து இன்ரவியூதான் திரும்பத் திரும்ப நினைவில. நாங்கள் ரெண்டு பேரும் தாரணியின்ர சேர்ட்டிபிக்கற் ஃபைலைக் காவிக்கொண்டு போனனாங்கள். அபாகஸ், வீணை, தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி, கணக்குப் போட்டி, எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள்ள. ஓட்டம் பழக்கிற கோச் ஒரு பக்கம்கூடத் திருப்பேல்லை. என்ர உயரம் என்ன, இவரின்ர உயரம் என்ன, பிள்ளை இன்னும் வளருமோ எண்டுதான் கேட்டவ. மாடு வாங்க வந்த மாதிரி. நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னம். இவர் இண்டைக்கும் கோயிலில "மகளுக்கு ஸ்கொலர்ஷிப்" எண்டு மட்டும்தான் சொல்லுவார். எதுக்கு எண்டு வாய் திறக்க மாட்டார்.

பள்ளிக்குப் போன் பண்ணினன். வியாழன் நேரம் தந்திருக்கினம். ஷிஃப்ற் மாத்த வேணும். மனேச்சர் முகத்தைத் தூக்குவா.

பின்னேரம் தாரணியோட ஆக்கெச் வந்தவள். இவளோட சேத்து ஓட எடுத்த சூடான் பிள்ளை. ரெண்டு பேரும் குசினி மேசையில கணக்கும் சிரிப்பும். ஆக்கெச்சுக்குத் தகப்பன் இல்லை. தாய் டாண்டினோங் பக்கம் கோழி வெட்டுற தொழிற்சாலையில. தாரணியின்ர சிநேகிதியளைப் பாத்துத் தானும் என்னை அன்ரி எண்டுதான் கூப்பிடுறாள். புட்டு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மே 10, வியாழன்

வெயில், ஆனா காத்து முகத்தில வெட்டுது. கோச்சும் துணை அதிபரும் இருந்தவை. கோச் சொன்னது: பிள்ளைக்குப் பாரம் ஏத்தக் கூடாது, இந்த மாதிரிப் பிள்ளையளுக்கு அந்தச் செற் வசதி, சந்தோசமாய் இருப்பினம்.

இந்த மாதிரிப் பிள்ளையள். எனக்கு உச்சிக்கு ஏறிச்சுது. ஃபைலைத் திறந்து மேசையில விரிச்சன். இந்த முறை பாத்தவை. அப்பத்தான் சொன்னன்: "என்ர மகள் மற்றப் பிள்ளை மாதிரி இல்லை. நாங்கள் படிக்கிற சனம்."

இந்த வருசம் ஓட எடுத்தது ரெண்டே ரெண்டு பேர். மற்றப் பிள்ளை ஆர் எண்டு அந்த அறையில எல்லாருக்கும் தெரியும். துணை அதிபர் சிரிச்சுக்கொண்டு, ஓமோம், உங்கட ஆக்களைப் பற்றித் தெரியும்தானே எண்டார். பிறகு எல்லாம் சுகமாய் நடந்துது. திங்கள் கணக்கில ஒரு சோதனை, ரெஸ்ற். நல்லாச் செய்தா முதல் செற், பயிற்சியைப் பின்னேரம் செய்யலாமாம். இவ்வளவுதானோ விசயம்? இதுக்கோ இவ்வளவு நாளும்?

காரில இருந்து இவருக்குச் சொன்னன். சந்தோசம். வாய் மட்டும் கசப்பு, மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்லை.

மே 14, திங்கள்

முகில். கால் வீக்கம். தாரணி பாஸ். நாளைக்கே முதல் செற்றாம். கடையில கேக் வாங்கினன். இவர் ரெண்டு துண்டு, சீனி வருத்தத்துக்கு இண்டைக்கு லீவாம்.

தாரணி தன்ர துண்டைக் கிளறிக்கொண்டு இருந்தாள். என்னடி எண்டு கேட்டன். "அம்மா, அந்தக் கடைசிச் செற்றில முதலாவது நான் இல்லை. ஆக்கெச்."

அப்ப அவளுக்கு ரெஸ்ற் குடுக்கேல்லையோ எண்டு கேட்டன். அவளுக்காக ஆர் வந்து கேட்டது எண்டாள். எழும்பி அறைக்குப் போட்டாள். கேக் அப்பிடியே கிடக்கு.

மே 16, புதன்

குளிர். உடுப்பு ஒண்டும் காயேல்லை, வீடு முழுக்கக் கதிரையளில தொங்குது. வெங்காயம், பால், கால் வலிக்கு எண்ணெய்.

ஆக்கெச் வந்தவள். இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. குசினி வாசலில நிண்டபடி இங்கிலீஷில மெதுவாய்க் கேட்டாள், அன்ரி எனக்காகவும் ஒருக்கா வந்து கதைப்பீங்களோ எண்டு. தாய்க்கு இங்கிலீஷ் வராதாம். வெள்ளி லீவு எடுத்து வருவாவாம், பக்கத்தில இருப்பாவாம்.

தாரணி என்னைப் பாக்கேல்லை. அவளுக்கு நான் அங்க சொன்னது தெரியாது. ஆக்கெச்சுக்கும் தெரியாது.

"தாரணிக்குச் சொன்னதையே சொன்னாக் காணும் அன்ரி" எண்டாள்.

ஓம் பிள்ளை, வாறன் எண்டிட்டன்.

வெள்ளி ரெண்டு மணி. ஷிஃப்ற் மாத்த. அவளின்ர பழைய றிப்போட் ஏதும் இருந்தாக் கொண்டுவரச் சொல்ல. துணை அதிபர், மற்றப் பிள்ளையைப் பற்றி நான் சொன்னதை மறந்திருக்க மாட்டார்.