கார் சாவியைத் தேட வேண்டாம்

சாவி என்னிடம் இருக்கிறது. காரை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். மதியம் ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்ற ஆள் வருவார், அவர் வழுக்கிவிடாமல் வாசல்படி ஐஸில் உப்புத் தூவி வையுங்கள்.

நேற்று உங்களோடு லேபில் வேலை செய்யும் பத்மா போன் செய்தாள். “உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு பொறுமை, ரமா! ஞாயித்துக்கிழமையெல்லாம் கூடவே உட்கார்ந்து எனக்கு ஐஸ்ல கார் ஓட்டக் கத்துக்கொடுத்தாரே! டிக்கியில அரிசி மூட்டை வெச்சா வழுக்காதுன்னு சொன்னார் பாருங்க, பிரமாதம்!” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேபில் வேலை என்றீர்கள். அரிசி மூட்டை என் யோசனை. நான் சொன்னபோது சிரித்தீர்கள்.

“இந்தச் சின்ன வண்டியைப் பனியில உன்னால ஓட்ட முடியாது” என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் புவாண்ட்-கிளேர் ஊர் நூலக வேலையை வேண்டாமென்றேன். இந்தத் தீவிலிருந்து அங்கே போக நேர் பஸ்கூடக் கிடையாது. அந்த வேலை மறுபடி காலியாம். இன்று இன்டர்வியூ.

ரமா

பி.கு.: பத்மா காரைப் பனிக்குவியலில் ஏற்றியபோது “பரவாயில்லை” என்றீர்களாம். நான் ஓட்டியபோது லேசாக வழுக்கியதற்கே ஸ்டியரிங்கைப் பிடுங்கினீர்கள். இன்று பக்கத்தில் நீங்கள் இல்லை என்பதுதான் எனக்குத் தைரியம்.