கவுன்சிலர்கள் விட்டுப்போன குழாய்கள்

என்னோடு சண்டை போட்ட நாளிலும் தட்டில் சோறு குறைக்காத சரசு மதினிக்கு,

போன ஐப்பசி மழையில் நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். இப்போது தை பிறந்துவிட்டது. காலையில் கடைப் பலகையைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. கவுஞ்சி ஊரிலிருந்து வருகிற கேரட்டும் பூண்டும்தான் ஓடுகிறது. வெண்ணெய்ப்பழம் கேட்கிற டூரிஸ்ட்டிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அதை மெதுவாகச் சொல்கிறேன். வார்டுத் தேர்தல் பேச்சு கிளம்பிவிட்டது. மறுபடியும் பெண்கள் வார்டு என்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் இஞ்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை வந்த கவுன்சிலர்களில் யார் உருப்படியாகச் செய்தார் என்று வாதாடுகிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓடை வரைக்கும் நம் சரிவில் ஒரு தடவை இறங்கி நடந்தால் போதும், குழாய்கள் சொல்லிவிடும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வார்டில் யார் ஜெயித்தாலும் முதல் வேலையாகத் தன் வீட்டு வாசலில் ஒரு தெருக்குழாய் வைப்பார். அது ஊருக்குப் பொதுதான், ஆனால் வாசல் அவருடையது. அன்று முதல் அந்தக் குழாய்க்கு அவர் பெயர். ஆள் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனாலும், செத்தே போனாலும், குழாய் பெயரை விடாது.

முதலில் வந்தவர் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதிய சாமுவேல். கணக்கர் குழாய் இன்னும் இருக்கிறது. பித்தளைத் திருகு, அந்தக் காலத்துச் சரக்கு. அடுத்து கம்பளிக் கடை ரஹீம் பாய். அவர் வீட்டு வாசலுக்கு வந்த குழாயைக் கடை முனைக்கு மாற்றி, குடம் வைக்க ஒரு கல்லும் போட்டார். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் அப்படியே ஸ்வெட்டரும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கணக்கு. வியாபாரி வியாபாரிதான், ஆனாலும் அந்தக் கல்லுக்காக நான் பாயை மறக்க மாட்டேன்.

அப்புறம் பல வருஷம் தேர்தலே இல்லை. அதிகாரிகள் வந்தார்கள், மாறினார்கள். அந்தக் காலத்துக்கு நம் சரிவில் ஒரு குழாயும் கிடையாது, எதிர்த்துக் கேட்கவும் ஆள் கிடையாது.

பிறகு தேர்தல் வந்து காண்ட்ராக்டர் பொன்னையா ஜெயித்தார். அவர் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, மாடி வீடு கட்டியிருந்தார். வழக்கப்படி வாசலில் குழாய் வைத்தார். மாலை, தேங்காய், மைக்செட் எல்லாம் வந்தது. குடங்களும் வரிசையில் வந்தன. தொட்டியை விட மேலே இருக்கிற வாசலுக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்று, பைப் போட்ட காண்ட்ராக்டருக்கும் தோன்றவில்லை, கை தட்டிய நமக்கும் தோன்றவில்லை. திருகைத் திறந்தார். காற்று வந்தது. "வரும் வரும், மொதல்ல காத்துதான் வரும்" என்று அரை நாள் நிற்க வைத்தார். இப்போது அந்தக் குழாயில் சவாரிக் குதிரையைக் கட்டுகிறார்கள். ஏதோ ஒன்றுக்கு உதவுகிறது.

அவருக்குப் பிறகு நம்ம பெரியண்ணன், உங்கள் வீட்டுக்காரர். துரைப்பாண்டி குழாயில் தண்ணீர் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. வாசலில் வந்ததை விட வேலிக்கு உள்ளே அதிகம் வந்தது என்பது நமக்குள் இருக்கட்டும். அடுத்த தேர்தலில் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் உங்களிடம் நல்ல போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நீங்கள் அடுப்படியிலிருந்து, "எதுக்கு, எனக்குக் கல்யாணமா?" என்றீர்கள்.

நீங்கள் ஜெயித்தீர்கள். ஊர் அண்ணனைத்தான் கவுன்சிலர் என்றது. உங்களுக்குக் கவுன்சிலரம்மா என்று பெயர், வாத்தியார் மனைவியை வாத்தியாரம்மா என்கிற மாதிரி. அவர் சொன்ன இடத்தில் கையெழுத்து, அவர் சொன்ன நேரத்தில் கைதூக்கல். கூட்ட நாளில் பெண் உறுப்பினர்கள் உள்ளே இருக்க, புருஷன்மார்கள் வராந்தாவில் உட்கார்ந்து வார்டுகளை ஆண்டார்கள்.

அப்போதுதான் அந்தத் தை மாதம் வந்தது. அண்ணன் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு நடந்து கிளம்பினார். கிளம்பும்போது, "கூட்டத்துல நம்ம குழாய் தீர்மானம் வருது. ஒண்ணும் பேச வேணாம், கையை மட்டும் தூக்கிட்டு வெரசா வந்துரு" என்றார். டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட அண்ணன் புதிதாகக் கட்டிய காட்டேஜ் வாசலில் இரண்டாவது குழாய். அதுதான் அந்தத் தீர்மானம்.

துணைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். வராந்தாவில் மற்ற கவுன்சிலர்களின் புருஷன்மார்களோடு நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு உங்கள் புருஷன் நான்தான் மதினி. கதவு திறந்துதான் இருந்தது. உங்கள் வார்டு வந்ததும் நீங்கள் எழுந்து நின்றீர்கள். சேர்மன், "உக்காருங்கம்மா, கையைத் தூக்குனா போதும்" என்றார்.

"இடத்தை மட்டும் மாத்திப் போடுங்க சார். எங்க வாசல்ல வேணாம். பள்ளத்து லயத்துல வைங்க."

"ஒங்க வீட்டுக்காரர் வேற எடம்ல சொன்னாரு?"

"அவரு பழனிக்குப் போயிருக்காருங்க. ஓட்டு என் பேர்லதான் விழுந்துச்சு."

என் பக்கத்தில் இருந்த புருஷன்மார்களில் ஒருவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

பள்ளத்து லயம் எங்கே இருக்கிறது என்று ஜெயித்தவர்கள் பலருக்கே தெரியாது. ஓடைக் கரையில், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடுகள். பட்டா கிடையாது. ஓடையில் லாட்ஜ் கழிவு கலக்கிறது. குடிதண்ணீருக்கு அந்தப் பெண்கள் வெறுங்குடத்தோடு சரிவு ஏறி, நிறைகுடத்தோடு வழுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தன் வாசலுக்கோ கடைக்கோ என்று குழாய் வைத்துக்கொள்ளாத முதல் கவுன்சிலர் நம் வார்டில் நீங்கள்தான்.

காட்டேஜுக்கு என்று இறக்கி வைத்திருந்த பைப்பையே லயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணன் பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வந்தபோது அங்கே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள். சாமி கும்பிட்டு வந்த மனுஷன் குங்குமம் வைத்ததைப் பிடுங்க முடியுமா? உங்களோடு பேசுவதைத்தான் நிறுத்தினார். நீங்களும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, அவருக்குக் காத்திராமல் உங்கள் தட்டில் சாப்பிட்டீர்கள். லயத்துக்காரர்கள் குழாயைப் பீலி என்பார்கள், தோட்டத்துப் பேச்சு. சரசு பீலி என்றால் வார்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு அப்புறம் கவுன்சிலராக வந்த இளவட்டத் தம்பி குழாய் வைக்கவில்லை. தன் பெயர் போட்ட வளைவு ஒன்று வைத்திருக்கிறார். அதன் முன்னால் டூரிஸ்ட்டுகள் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

இனிதான் சேதி. வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்தாகிவிட்டது, தெருக்குழாய்களை எடுக்கப் போகிறோம் என்று ஒவ்வொன்றின் மீதும் நகராட்சி ஆட்கள் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். கணக்கர் குழாய்க்கும் போட்டார்கள், குதிரை கட்டுகிற குழாய்க்கும் போட்டார்கள். உங்கள் பீலிக்கும் போட்டிருக்கிறது. லயத்தில் வீட்டு இணைப்பு கிடையாது. பட்டா இல்லாத வீட்டுக்குக் கொடுக்க முடியாதாம்.

லயத்து ராக்கம்மா என் கடைக்கு வந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியும், குழாய்க்கு முதல் மஞ்சள் பூசியவள். "ஜெயாம்மா, பீலியை எடுத்துட்டா நாங்க மறுபடி மேல ஏறணும். மேல ஏறுனாலும் இனி அங்க பீலி இருக்காது. எங்கிட்டுப் போக?" என்றாள். இரண்டு பேரும் இப்போதைய கவுன்சிலர் தம்பியைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு டைம் முடியப் போவுதுக்கா. அடுத்து வர்றவங்க ஒரு தீர்மானம் போட்டா நிறுத்திரலாம். அதுவரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன்."

அடுத்து வருகிறவர் யார்? அன்று சாயங்காலமே அண்ணன் என் கடைக்கு வந்தார். மாலை போட்டிருந்தார். இந்த வயதிலும் நடக்கிறார் மதினி, முழங்கால் வலியோடு.

"ஏத்தா ஜெயா, நல்ல போட்டோ இருந்தா எடுத்து வையி. நீ பேருக்கு நின்னா போதும். மத்த சோலியெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

நான் பூண்டை எடை போட்டுக்கொண்டே, "லயத்துக் குழாய் என்னண்ணே ஆகும்?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு. அதை எடுத்தாத்தான் நம்ம காட்டேஜுக்குத் தண்ணி ஒழுங்கா ஏறும்."

அவர் கெட்டவர் இல்லை. உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது இரவும் பகலும் பெஞ்சிலேயே கிடந்தவர் அவர்தான். ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு நம் வாசல் மட்டும்தான் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசிக்க அதிகம் இல்லை. ராக்கம்மாவிடம், நானே தனியாக நிற்கப் போகிறேன், நீ முன்மொழிவாயா என்று கேட்டேன். உடனே சரி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி பழனிக்குக் கெளம்பட்டும். போன பொறகு மனுவைக் குடுங்க. கவுன்சிலரம்மாவும் அப்படித்தானே செஞ்சாங்க" என்றாள்.

நல்ல யோசனைதான். ஒரு நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இந்த வார்டில் ஒரு பெண் வாய் திறக்க ஒரு ஆள் பழனிக்குப் போக வேண்டுமா?

நேற்று வெள்ளனே எழுந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் போனேன். அண்ணன் தன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் நிக்கிறேன். ஒங்க பேருக்கு இல்ல. என் பேருக்கு. ஜெயிச்சா மொதல் தீர்மானம் லயத்துக் குழாய்தான்."

அவர் திருகை மூடினார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"நீயும் அவளை மாதிரி ஆயிட்டியா?"

"ஆமாண்ணே."

"அவ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமச் செஞ்சா?"

"சொல்லிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். உங்கள் மருமகளை என்னை எதிர்த்து நிறுத்துவார் என்று நினைக்கிறேன். அதற்கான ஆள்பலமும் அவரிடம் இருக்கிறது. இன்று காலை பழனிக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் கடை முன்னால் நின்று, "எல்லாக் கவுன்சிலரும் கீழ எறங்கிப் பாக்கணும்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. நான் ஒரு தடவைகூட எறங்கல" என்று சொன்னார். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு நடந்துவிட்டார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் இல்லை.

நாத்தனாருக்கும் மதினிக்கும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். நமக்கும் பாதி நாள் ஆகவில்லை. ஆனாலும் உங்களைத் தேடுகிறது மதினி. வராந்தாவில் எனக்காக உட்கார ஆள் இல்லை.

ஜெயிப்பேனா என்று கேட்காதீர்கள். லயத்து ஓட்டு கொஞ்சம்தான், மேல்சரிவு அண்ணன் பக்கம். ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஜெயித்தால் என் வாசலில் எந்தக் குழாயும் வராது. தோற்றால், குழாயைப் பிடுங்க வருகிற அன்று ராக்கம்மாவோடு குடத்தை வைத்துக்கொண்டு அங்கே நிற்பேன். நீங்கள் அண்ணன் ஊரில் இல்லாதபோது செய்தீர்கள். நான் அவர் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்து, அவர் பார்க்கிற மாதிரி மனுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு ஒரு நாள் உங்கள் புருஷனாக வராந்தாவில் உட்கார்ந்திருந்த
உங்கள் நாத்தனார் ஜெயா