மேலாளர் இழுப்பறையில் மூஞ்சூறு

என் வீட்டு மகராசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் தங்கும் கிடங்கில் ஏதோ நாறியது. மேலாளர் எல்லார் முன்னாலும் என்னை மோந்து பார்த்து, "யோவ், குளிக்கிறியா இல்லையா?" என்று கேட்டு, என் கட்டிலை வராந்தாவில் போட்டுவிட்டார். குளிப்பதில் நான் கஞ்சன்தான். ஆனால் அது மூஞ்சூறு நாற்றம். நம் ஊர்ச் சரக்கோடு கப்பலேறி வந்திருக்கிறது.

மேலாளரிடம் சொன்னேன். "இந்த நாட்டிலேயே அது கிடையாதுய்யா!" என்று சிரித்தார்.

அதைப் பிடித்து அவர் இழுப்பறையிலேயே குடிவைத்தேன். விலங்குத் துறைக்கும் நானே போன் போட்டேன். நாட்டிலேயே முதன்முதலாகக் கண்ட இடம் என்று அவர் மேசையைப் பதிவு செய்து, அறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இப்போது அவருக்கும் வராந்தாதான். "சோப்பு வேணுமா சார்?" என்று தினமும் கேட்கிறேன்.

தலையணைக்கு உறை இல்லை. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்